நியூட்ரான் ஆராய்ச்சியில் ஒரு பெண்மணி

லண்டனிலுள்ள ராயல் சொஸைடி என்னும் விஞ்ஞான சங்கம் 1660-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. ஸ்திரீ ஒருவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள அந்தச் சங்கத்தாருக்கு 285 வருஷங்கள் பிடித்தன. 1902-ல் ஹெர்த்தா அயர்ட்டன் என்ற அம்மையாரின் பெயர் பிரேரேபிக்கப்பட்டபோது, விவாகமான ஸ்திரீக்குச் சட்டத்தில் தனி அந்தஸ்து இல்லையென்று வக்கீல்கள் அபிப்பிராயம் சொல்ல, பெயர் தள்ளப்பட்டது. 1919-ல் பார்லிமெண்டு சட்டம் அத்தகைய தடைகளை நீக்கிய பின்னரும் மேற்படி சங்கத்தார் கால் நூற்றாண்டு வாளாவிருந்தனர். 1945-ல்தான் காத்லீன் லான்ஸ்டேல், மார்ஜரி ஸ்டீபன்ஸன் என்னும் இருவருக்குக் கதவு திறந்தது. அதற்குச் சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1995-ல் அதன் அங்கத்தினராகி, 2001 முதல் 2006 வரை அச்சங்கத்தின் அந்நிய நாட்டுக் காரியதரிசியாக வீற்றிருந்த ஜூலியா ஹிக்கின்ஸ் அம்மையாரின் வரலாற்றை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நமது நேயர்களிற் பெரும்பாலோர் தேசத் தொண்டர்கள். நியூட்ரான் என்னும் அணுத் துகளுக்கும் தேசத் தொண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்பது நியாயமே. சற்றுப் பொறுத்துப் படித்தால் சம்பந்தம் தானே விளங்கும்.

ஹிக்கின்ஸ் அம்மையார் 1942-ம் வருஷம் ஜூலை மாதம் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஸோமர்வில் என்னும் மாதர் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் பயின்றார். இந்தக் கல்லூரி நமக்கு முற்றும் அந்நியமானதன்று. நம் தேசத்துக் கார்னீலியா ஸொராப்ஜி அம்மையார் இங்கே சட்டம் பயின்று 1892-ல் பரீட்சை தேறினார். ஆயினும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை 1920-க்கு முன் ஸ்திரீகளுக்குப் பட்டம் வழங்குவதில்லை. ஆதலால் தேறிய பரீட்சைக்குரிய பட்டத்தை அவர் பெற்றது முப்பது வருஷத்திற்குப் பின், 1922-ல். (இந்த அம்மையார் பின்னாளில் நமது சுதந்திர இயக்கத்துக்கு எதிர்ப் பக்கம் நின்று பேசியவர். அது வேறு விஷயம். அநீதி யாருக்கு நேர்ந்தாலும் அநீதியே.) இந்திரா காந்தியும் சிறிது காலம் இங்கே வாசித்தார். ஹிக்கின்ஸ் மாணவியாயிருந்த காலத்தில் அதே கல்லூரியைச் சேர்ந்த ஆசிரியையான டாரத்தி ஹாட்ஜ்கின், எக்ஸ்-ரே கிரணங்களைக் கொண்டு பெனிஸிலின், பி-12 முதலிய வஸ்துக்களின் அணு அமைப்பைக் கண்டறிந்ததற்காக 1964-ல் நோபெல் பரிசு பெற்றார். ஸ்திரீக்கும் பௌதிகத்துக்கும் வெகு தூரம் என்று ஊரார் சொல்லும்போது, அடுத்த அறையிலேயே ஒருத்தி அதைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தால், ஓர் இளம் மாணவிக்கு அதனால் வரும் தைரியம் கொஞ்சமன்று.

1966 முதல் இரண்டு வருஷங்கள் ஹிக்கின்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் இல்லை. இங்கிலாந்தின் வடபுறத்தில் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசமான மெக்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பௌதிகம் போதித்துக்கொண்டிருந்தார். நம் நாட்டில் இப்படிப் பள்ளிக்கூடத்துக்குப் போன பெண் திரும்பி ஆராய்ச்சிக்கு வருவது குதிரைக் கொம்பு. அவர் வந்தார். மாஞ்செஸ்டர் சர்வகலாசாலை அவரை ஆராய்ச்சியாளராக ஏற்றுக்கொண்டது. 1972-ல் பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்கும், 1973-ல் கிரெனோபிள் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் விளங்கிய இடம் கிரெனோபிளே.

இந்த இடத்தில் நியூட்ரானைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

அணுவின் நடுவிலுள்ள கருவில் இருவகைத் துகள்கள் உண்டு. மின்சாரம் ஏறியது புரோட்டான். மின்சாரமே இல்லாதது நியூட்ரான். இதை 1932-ல் சாட்விக் என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டுபிடித்தார். மின்சாரம் இல்லாததால் இதைத் தடுப்பாரில்லை. அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான் கூட்டத்தினூடே சாதுவாகப் புகுந்து, நேரே கருவில் மோதித் திசை திரும்பும். அணு உலையில் பிறக்கும் நியூட்ரான்களைக் கனநீரில் விட்டு வேகத்தைத் தணித்தால், அவை விநாடிக்குச் சுமார் 2,200 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் அவை அலையைப் போலும் நடந்துகொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடி கூறு செய்தால் அதில் சற்றேறக்குறைய இரண்டு கூறே அந்த அலையின் நீளம். திடப் பொருளில் அணுக்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே ஒரு பொருளின்மேல் நியூட்ரான்களை ஏவி, அவை எந்தெந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தை இழந்தோ பெற்றோ சிதறுகின்றன என்று எண்ணினால், உள்ளே அணுக்கள் எங்கே நிற்கின்றன என்பது மட்டுமல்ல, எப்படி அசைகின்றன என்பதும் தெரிந்துவிடும். இதற்கே நியூட்ரான் சிதறல் என்று பெயர்.

இதே வேலையை எக்ஸ்-ரே செய்யாதா? செய்யும், ஆனால் எக்ஸ்-ரே எலெக்ட்ரான்களில் மட்டுமே பட்டுச் சிதறுவது. ஒரே ஒரு எலெக்ட்ரானை உடைய ஹைட்ரஜன் அதன் கண்ணுக்கு அகப்படுவது அரிது. நியூட்ரானோ ஹைட்ரஜனை நன்றாகக் காணும். அதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. சாதாரண ஹைட்ரஜனும், கனநீரிலுள்ள கன ஹைட்ரஜனாகிய டியூட்டீரியமும் ரசாயனத்தில் அநேகமாக ஒன்றே. நியூட்ரானுக்கு அவை இரண்டும் நேர் எதிர். சிதறல் அளவில் ஒன்றுக்குக் கழித்தல் குறி, மற்றதற்குக் கூட்டல் குறி.

இந்த வித்தியாசத்தை எப்படி உபயோகிப்பது? பிளாஸ்டிக், ரப்பர், நைலான் முதலியன யாவும் பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி அணுத்திரள்களால் ஆனவை. ஒவ்வொரு சங்கிலிக்கும் ஆயிரக்கணக்கான கண்ணிகள். உருகிய நிலையில் இவை கூடிக் கிடப்பதை இடியாப்பத்துக்கு ஒப்பிடலாம். அந்த இடியாப்பத்தில் ஒரே ஓர் இழை எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்று சொல்ல முடியுமா? எல்லா இழையும் ஒரே வெள்ளை. ஒரு சில இழைகளுக்கு மட்டும் மஞ்சள் பூசினால் முடியும். ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டீரியத்தை வைத்துச் சில சங்கிலிகளைச் செய்து மற்றவற்றோடு கலப்பது அந்த மஞ்சள் பூசும் காரியமேயாகும். கூட்டத்தின் நடுவே தனிச் சங்கிலி தன்னந்தனியாக நியூட்ரானுக்குத் தென்படும். நெருக்கடியான கூட்டத்திலும் சங்கிலி நசுங்காமல் தன் இயல்பான உருவிலேயே சுருண்டு கிடக்கும் என்று அமெரிக்க விஞ்ஞானி ஃபிளோரி வெகு காலம் முன்பே கணக்கிட்டிருந்தார், நம்பாதவர் பலர். 1970-களின் ஆரம்பத்தில் ஐரோப்பிய அணு உலைகளில் இந்த முறையால் அது பிரத்தியட்சமாயிற்று. அந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஆன்றி பென்வா. அவருடைய நகரத்துக்குத்தான் ஹிக்கின்ஸ் அக்காலத்தில் போய்ச் சேர்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் 1994-ல் இவ்விருவரும் சேர்ந்து பாலிமர்களும் நியூட்ரான் சிதறலும் என்ற பொருளில் எழுதிய நூல் இத்துறை மாணவர்களுக்கு ஆதார நூலாயிற்று.

கிரெனோபிள் ஆராய்ச்சிச் சாலையின் கதையும் அரசியல் தொண்டர்கள் அறியத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று முறை ஒன்றையொன்று யுத்தத்தில் அழித்துக்கொண்ட பிரான்ஸும் ஜெர்மனியும் 1967-ல் கூடிச் செலவிட்டு அமைத்தது அது. பிரெஞ்சு விஞ்ஞானி லாங்ழ்வேன், ஜெர்மன் விஞ்ஞானி லௌவே ஆகிய இருவர் பெயரையும் அதற்கு இட்டார்கள். இருவருமே நாஜிக் கொடுமையை எதிர்த்து நின்றவர்கள். உலை 1971-ல் இயங்கத் தொடங்கியது. 1973-ல் பிரிட்டனும் பங்காளியாகச் சேர்ந்தது. ஹிக்கின்ஸ் அங்கே விஞ்ஞானியாக அமர்ந்ததும் அதே வருஷந்தான். தனி மனிதரின் சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும், சர்க்கார் கஜானா திறந்து ஒரு கருவியை நிர்மாணித்துவைக்காவிட்டால் இந்த வித்தையில் ஓர் அடி நகர முடியாது. காகிதமும் பென்சிலும் கொண்டு கணிதம் செய்யலாம்; நியூட்ரான் சிதறலைச் செய்ய முடியாது.

1976-ல் அவர் லண்டன் இம்பீரியல் காலேஜுக்கு வந்தார். சேர்ந்த இலாகா பௌதிகமல்ல, ரசாயன இஞ்ஜினீரிங். பௌதிகம் படித்தவரை இஞ்ஜினீர்கள் தங்கள் பந்தியில் உட்காரவைத்துக்கொண்டார்கள். இலாகாவுக்கு இலாகா தீட்டுப் பார்க்கும் நமது சர்வகலாசாலைகளில் இது நடந்திருக்குமா என்பது எமக்குச் சந்தேகம். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பிரச்னைகள் இரண்டு என்று சுருக்கிச் சொல்லலாம். ஒன்று, பாலிமர் சங்கிலிகளின் அசைவு. பக்கத்துச் சங்கிலிகள் நெருக்குவதால் ஒரு சங்கிலி குறுக்கே போக வழியில்லை. புற்றுக்குள் பாம்பு நெளிவதுபோல் தன் நீளவாட்டிலேதான் நகரும் என்று 1971-ல் பிரெஞ்சு விஞ்ஞானி டெ ழேன் சொல்லியிருந்தார். நியூட்ரான்களின் சுழற்சியைக் கடிகாரமாக உபயோகிக்கும் நூதனமான ஒரு கருவி கிரெனோபிளில் இருந்தது. அதனைக்கொண்டு அந்த நெளிவைப் பரிசோதிக்க முயன்றவர்களில் ஹிக்கின்ஸும் அவருடைய சகாக்களும் உண்டு.

மற்றது, இருவகைப் பாலிமர்களைக் கலக்கும் வித்தை. பாலும் தண்ணீரும்போல் இவை கலப்பதில்லை. எண்ணெயும் தண்ணீரும்போல் பெரும்பாலும் பிரிந்தே நிற்கின்றன. கலப்பவற்றிலும் சிலவற்றின் குணம் தலைகீழ். சாதாரணமாக எதையும் சூடுபடுத்தினால் நன்றாகக் கரையும். இவையோ சூடேற ஏறப் பிரிகின்றன. எந்த உஷ்ணத்தில் பிரியும், பிரியும்போது உள்ளே எத்தகைய கோலம் விழும் என்பது தெரிந்தால்தான் தொழிற்சாலைக்காரன் விரும்பிய உறுதியோடு பொருள் செய்ய முடியும். இதை நியூட்ரானாலும் ஒளியாலும் பல வருஷங்கள் ஆராய்ந்தார். 1989-ல் பாலிமர் விஞ்ஞானப் பேராசிரியரானார். பிரிட்டிஷ் இஞ்ஜினீரிங், பௌதிக ஆராய்ச்சிகளுக்கு சர்க்கார் பணம் பகிரும் கவுன்ஸிலுக்கு 2003 முதல் 2007 வரை தலைமை வகித்ததும், 2017 முதல் 2019 வரை பிரிட்டனின் பௌதிக சங்கத் தலைவராக இருந்ததும் அதன் பின் வந்தவை. பட்டங்களின் ஜாபிதாவை முழுவதும் சொல்லி நேயர்களை அலுக்கவைக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1999-ல் அதீனா என்ற பெயரால் ஒரு முயற்சி பிரிட்டனில் ஆரம்பமாயிற்று. அதில் முன்னின்று தலைமை தாங்கியவர் ஹிக்கின்ஸ். 2005-ல் அது ஒரு சாஸனமாக விரிந்தது. அதன் முறை மிக எளிது. ஸ்திரீகளுக்கு இரங்குங்கள் என்று பிரசங்கம் செய்வதில்லை. உங்கள் கல்லூரியில் எத்தனை பெண்கள் மாணவிகளாக வருகிறார்கள், எத்தனை பேர் பேராசிரியைகளாகிறார்கள், இடையில் எந்தப் படியில் எத்தனை பேர் மறைந்துபோகிறார்கள் என்று நீங்களே எண்ணி எழுதுங்கள். எழுதிய பின் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்பதே. செய்ததற்கேற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம் என விருது. முதலிற் பலர் இதை அசட்டை செய்தனர். 2011-ல் வைத்திய ஆராய்ச்சிக்கான சர்க்கார் பணத்தில் ஒரு பகுதி வெள்ளி விருது பெற்ற கல்லூரிகளுக்கே என்று அறிவிப்பு வந்ததும், கனவான்கள் பலருக்கு ஸ்திரீகளின் உரிமையில் திடீரென்று சிரத்தை பிறந்துவிட்டது! பிரிட்டிஷாரிடம் தர்மத்தைப் பேசுவதைவிடக் கணக்கைக் காட்டுவது பயன் தரும் என்பது நமக்குப் பழைய அநுபவமல்லவா?

இனி நமது வீட்டைப் பார்ப்போம்.

நியூட்ரான் சிதறலில் நம் தேசம் பின்தங்கியதென்று யாரும் சொல்ல முடியாது. சுதந்திரம் பெற்ற ஒன்பதாம் வருஷத்தில், 1956 ஆகஸ்டு 4-ந் தேதி, பம்பாயை அடுத்த டிராம்பேயில் அப்ஸரா உலை இயங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. உலையைக் கட்டியவர்கள் நம்மவர். திருவனந்தபுரத்தில் பிறந்த பி. கே. ஐயங்கார் அதே வருஷம் கனடாவுக்குச் சென்று புரோக்ஹவுஸ் என்பவரோடு சேர்ந்து ஜெர்மேனியம் படிகத்தில் அணுக்கள் அதிரும் விதத்தை அளந்தார். அந்தப் புரோக்ஹவுஸுக்கு இந்த வித்தைக்காகவே 1994-ல் நோபெல் பரிசு கிடைத்தது. திரும்பி வந்த ஐயங்கார் டிராம்பேயில் சொந்தமாகவே கருவிகளை அமைத்தார். 1960-களில் நம்மவர் செய்த நியூட்ரான் கருவி பிலிப்பைன்ஸ் தேசத்துக்குப் போய் அங்குள்ளவர்களுக்கு வித்தை பழக்கியது. 1985-ல் நாமே நிர்மாணித்த 100 மெகாவாட் துருவா உலை வந்தது. சுதேசி என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டுமோ?

ஆயினும் அந்த முதல் தலைமுறையில் நாம் போற்றிச் சொல்லும் பெயர்கள் ஐயங்கார், சத்யமூர்த்தி, சிதம்பரம் என்று எல்லாம் ஆண்களின் பெயர்களாகவே இருக்கின்றன. பெண்கள் பௌதிகத்தில் நாட்டமில்லாதவர்கள் என்று சமாதானம் சொல்வார்கள். அது உண்மைதானா?

1933-ல் பம்பாய் சர்வகலாசாலையில் முதலாவதாகத் தேறிய கமலா பாக்வத் என்ற பெண் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் சேர விண்ணப்பித்தாள். அதன் தலைவர் ஸர் சி. வி. ராமன். தமிழ்நாடு முழுவதும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பெருமகன். நாமும் கொண்டாடுகிறோம். அவர் விண்ணப்பத்தை நிராகரித்தார். காரணம், விண்ணப்பித்தது பெண் என்பதே. அவள் விடவில்லை, மன்றாடவும் இல்லை, ஏனென்று நேரிற் போய்க் கேட்டாள். முடிவில் ஒரு வருஷம் பரீட்சார்த்தமாக, ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாதென்பது உட்படச் சில நிபந்தனைகளின்மேல் இடம் கிடைத்தது. வருஷம் முடிந்ததும் ராமன் அவளை முறையாக ஏற்றுக்கொண்டதோடு, பின் வந்த பெண்களுக்கும் கதவைத் திறந்தார். கமலா கேம்பிரிட்ஜ் சென்று 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா ஸோஹோனி என்ற பெயரால் பிற்காலத்தில் நமது பதநீரின் போஷாக்கை ஆராய்ந்து ராஷ்டிரபதியின் விருதையும் பெற்றார். அந்த நிபந்தனைகளின் அவமானத்தை மட்டும் முதுமையிலும் மறக்கவில்லை. அந்நியன் நமது ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் பலகை மாட்டியபோது கொதித்த நாம், நம்மவர் நமது பெண்களுக்கு மாட்டிய பலகையைப் படிக்கவே இல்லை.

ராயல் சொஸைடிக்கே திரும்பி வருவோம். அதில் ராமாநுஜன் 1918-லும் ராமன் 1924-லும் அங்கத்தினராயினர். இந்தியாவிலேயே வேலை செய்யும் ஸ்திரீ ஒருவர் அதில் முதன்முதலாகச் சேர்ந்தது 2019-ல். அவர், வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நோயைப் பல வருஷங்கள் ஆராய்ந்த ககன்தீப் காங் அம்மையார். ராமாநுஜனிலிருந்து அவர்வரை 101 வருஷம். பிரிட்டிஷார் தமது பெண்களுக்கு 285 வருஷம் காக்கவைத்தார்கள் என்று மேலே பரிகசித்த நாம், இந்தத் தொகையையும் பக்கத்தில் எழுதிவைப்பதே யோக்கியமாகும்.

2020-ல் நமது சர்க்காரின் விஞ்ஞான இலாகா, அதீனா சாஸனத்தை மாதிரியாகக் கொண்டு கதி என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. கதி என்றால் வடமொழியில் நடை, முன்னேற்றம். தமிழிலோ அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. இன்னதாகும் என்று நிச்சயிப்பது திட்டமல்ல, எண்ணிப் பார்க்கச் சம்மதிக்கும் கல்லூரிகளே. நேயர்களில் பலர் கல்லூரிக் கமிட்டிகளிலும், சட்டசபையிலும், கட்சிச் சபைகளிலும் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ச் சர்வகலாசாலையின் பௌதிக இலாகாவில் டாக்டர் பட்டத்துக்குப் பயிலும் பெண்கள் எத்தனை, அங்கே பேராசிரியைகள் எத்தனை என்று ஒரு கேள்வி கேட்பதற்கு அணு உலை வேண்டாம். ஒரு கார்டு போதும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதிலே.

ராமனுடைய ஆராய்ச்சிச் சாலையில் 1940 முதல் உழைத்த இன்னொரு பெண்ணும் உண்டு. சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் 1939-ல் பட்டம் பெற்ற அன்னா மாணி. வைரத்தின் ஒளியைப் பதிவு செய்ய ஒரே தகட்டைப் பதினைந்து, இருபது மணி நேரம் காட்டவேண்டியிருந்ததால், இரவுகளை ஆராய்ச்சிச் சாலையிலேயே கழித்தவர். தாம் ஒருவராகவே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் டாக்டர் பட்டத்துக்கான நிபந்தத்தைச் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் முன்னர் பெறவில்லையென்று சர்வகலாசாலையார் அதை ஏற்கவில்லை. அன்னா மாணி வருந்திக்கொண்டிருக்கவில்லை. சீமைக்குச் சென்று வானிலைக் கருவிகளைச் செய்யும் வித்தை பயின்று, 1948-ல் சுதந்திர பாரதத்துக்குத் திரும்பி, மழையையும் வெயிலையும் காற்றையும் அளக்கும் சுமார் நூறு கருவிகளை இந்த நாட்டிலேயே செய்யும்படி வரைபடங்களைத் தயாரித்துக் கொடுத்தார். வானிலை இலாகாவில் உதவி டைரக்டர்-ஜெனரலாகி 1976-ல் ஓய்வு பெற்றார். 2001-ல் காலமானார். பட்டம் தரப்படாத அந்த நிபந்தம், பட்டம் பெற்ற மற்ற நிபந்தங்களைப் போலவே பைண்டு செய்யப்பட்டு, பெங்களூரில் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் புஸ்தகசாலை அலமாரியில் அவற்றோடு ஒன்றாக வைக்கப்பட்டது.